மருந்தின் நான்காம் உறுப்பு

தோற்றுவாய்

மக்கள் எய்துதற்குரிய செல்வங்களுள் உடல்நலமே தலையாயது என்பது எல்லா நாட்டுப் பெரியோர்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. அந்நலத்தைப் பேணும் நெறியைத் திருவள்ளுவனார் தம் நூலின் 95-ம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதன்கண் வகுத்துரைத்தார். அவ்வதிகாரத்தின் இறுதியில் அவர் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாகப் பகுக்கின்றார். நோயுற்றவன் ஓர் உறுப்பு. நோயைத் தீர்க்கும் வைத்தியன் ஓர் உறுப்பு. மருந்து ஓர் உறுப்பு. அம்மருந்தை அருகிருந்து இயற்றுவோன் ஓர் உறுப்பு. இந்நான்காமவனுக்கு உழைச்செல்வான் என்பது அவர் இட்ட பெயர்.

முதல் மூன்று உறுப்புக்களின் பெருமையை யாவரும் அறிவர். புதியதொரு மருந்தைக் கண்டுபிடித்தாரை உலகம் போற்றுகின்றது. கைராசியுள்ள வைத்தியரை ஊரார் தேடிச் செல்கின்றனர். நோயாளியிடத்து எல்லாருக்கும் இரக்கம் உண்டு. நான்காம் உறுப்பைப் பற்றி நினைப்பார் மிகச் சிலரே. இக்காலத்தில் உழைச்செல்வான் தனியொருவன் அல்லன். இன்ன மருந்துகள் நாட்டிற்கு வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் குழுவினர், விலை பேசி வாங்கும் அலுவலர், பண்டகசாலைக் காவலர், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்து வயல் வரப்பில் நடக்கும் செவிலி, மருந்துக்கடைக்காரர், குழந்தைக்கு மருந்து புகட்டும் தாய் ஆகிய இவர்கள் அனைவரும் சேர்ந்ததே அவ்வுறுப்பு.

பொருள்வளம் குறைந்த நாடுகளில் மருந்து கிட்டாமையால் இறப்போர் பலர் என்பது உண்மையே. ஆயினும், மருந்து வந்து சேர்ந்த பின்னரும் இந்நான்காம் உறுப்புப் பழுதுபட்டமையால் இறந்தோரும் உளர். அஃதன்றியும், வறிய நாடுகள் இவ்வுறுப்பைச் செம்மை செய்த ஞான்று செல்வ நாடுகளும் வியக்கத்தக்க நன்மை விளைந்தமைக்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது. ஆதலின், வளரும் நாடுகள் தம் மருந்துகளையும் தடுப்பூசிகளையும் பொறுப்புடன் ஆளும் முறையைத் தேர்தல், கொள்ளுதல், காத்தல், உண்ணுதல் என்னும் நான்கு தலைப்பின்கீழ் ஈண்டு ஆராய்வாம்.

1. தேர்தல்

மருந்துகள் மிகப் பலவாயிருத்தல் நன்மையே என்று நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஒரே மருந்தைப் பத்துக் கம்பெனியார் பத்துப் பெயரிட்டு விற்பாராயின், விலையால் நோயாளியும், பெயரால் வைத்தியரும் மயங்குவர். அரசாங்கத்தின் சிறு பொருளும் வீணே சிதறும்.

இவ்வுண்மையை முற்பட உணர்ந்து செயலிற் காட்டிய நாடுகளுள் இலங்கை ஒன்று. அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே என்பார், மருத்துவரும் அரசியல்வாதியுமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்க என்பாருடன் கூடி, 1971-ம் ஆண்டில் அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஏறக்குறைய 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. மருந்துகள் வாணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்கலாயின. நாடு முழுமைக்கும் வேண்டிய மருந்தை ஒருங்கே கேட்டு, உலகச் சந்தையில் விலைப்புள்ளி பெற்று வாங்கியமையால் விலையும் இறங்கிற்று. பிபிலே 1977-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஐக்கிய நாடுகளின் பணிமேற் கயானா நாட்டிற்குச் சென்றிருந்த காலை உயிர் நீத்தார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 'இன்றியமையா மருந்துகள்' என்னும் முதற் பட்டியலை வெளியிட்டது. அதன்கண் இருந்தவை ஏறக்குறைய 200 மருந்துகளே. பெரும்பாலான மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு இத்துணையே போதும் என்பது அப்பட்டியலின் கருத்து.

வங்காள தேசம் 1982-ம் ஆண்டில் இவ்வழியே ஒரு சட்டம் இயற்றி, பயனற்றனவும் தீங்கு பயப்பனவும் தேவைக்கு மிஞ்சியனவுமாகிய ஏறக்குறைய 1,700 மருந்துச் சரக்குகளை விலக்கிற்று. அயல்நாட்டுக் கம்பெனியாரும் சில பேரரசுகளும் வற்புறுத்தியும் அச்சிறு நாடு தன் கொள்கையைக் கைவிடவில்லை. இன்று அந்நாட்டில் வழங்கும் மருந்துகளுள் மிகப் பெரும்பாலன அந்நாட்டிலேயே செய்யப்படுகின்றன.

தேர்தல் என்பது விலையுயர்ந்ததைத் தேர்தல் அன்று, தக்கதைத் தேர்தல். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1971-ம் ஆண்டில் வங்காளப் போரினால் அகதிகளாய் வந்த இலட்சக்கணக்கான மக்கள் இந்திய எல்லையிலுள்ள பன்காவ் முதலிய இடங்களில் தங்கினர். அவர்களிடையே வாந்திபேதி பரவிற்று. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. அப்பொழுது திலீப் மகாலனோபிஸ் என்னும் மருத்துவர், சர்க்கரைச் சத்தாகிய குளுக்கோசையும், உப்பையும், சோடா உப்பையும் அளவறிந்து நீரிற் கலந்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளியின் உறவினர் கையாலேயே குடிப்பிக்கச் செய்தார். நூற்றுக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்த சாவு நூற்றுக்கு 4-க்கும் குறைந்தது. குடலானது குளுக்கோசை உறிஞ்சுங்கால் அதனோடு உப்பையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சும் என்னும் சிறு உண்மையே இம்மருந்தின் அடிப்படை. இங்கு உழைச்செல்வார் யாவர்? தாயும், தமக்கையும், அண்டை வீட்டாருமே யன்றோ? இத்துணை எளிய மருந்து இருக்கவும், குழந்தைக்கு நீர்ப்பேதி கண்டவுடன் வேண்டாத கிருமிக்கொல்லி மருந்துகளை வாங்கிப் புகட்டும் வழக்கம் இன்றும் நம்மிடை நின்றபாடில்லை.

2. கொள்ளுதல்

தேர்ந்தெடுத்த மருந்தை வாங்குங்கால் இரண்டு தீமைகள் நேரலாம்: ஒன்று, வேண்டிய பொழுது கிட்டாமை, மற்றொன்று, கிட்டியது கெட்டதாயிருத்தல். இவ்விரண்டினையும் தடுத்தற்கு நம் தமிழ் நாட்டில் 1994-ம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அதன் முறையைச் சிறிது விளக்குவாம்.

அரசாங்க மருத்துவமனைகள் அனைத்திற்கும் வேண்டிய மருந்துகளை அக்கழகம் ஒருசேர வாங்குகின்றது. விற்க வருவோர் இரண்டு உறைகளில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் உறையில் அவர்தம் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதி தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதில்லை. மருந்து மாவட்டப் பண்டகசாலைக்கு வந்தவுடன் ஒவ்வொரு தொகுதியினின்றும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, இரகசிய எண்ணிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்புகின்றனர். சோதிப்பவர் யாருடைய மருந்தைச் சோதிக்கின்றோம் என்பதை அறியார். ஆதலின் தயவு தாட்சணியத்திற்கு இடமில்லை. தேறிய பின்னரே மருந்து பண்டகசாலையை விட்டு வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் உள்ளதுபோல் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதை அது பெற்றுக்கொள்ளும். கேரளமும் இராஜஸ்தானமும் பிற்காலத்தில் இவ்வழியைத் தழுவி இத்தகைய கழகங்களை அமைத்துக் கொண்டன. இம்முறையில் அரிய விஞ்ஞானம் யாதுமில்லை. ஒழுங்கும் நேர்மையுமே உள்ளன.

சோதனை தவறின் விளைவது யாது? 1937-ம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் சல்பனிலமைடு என்னும் மருந்தை இனிய பானமாக்க விரும்பிய ஒருவர், அதனை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு நீர்மத்திற் கரைத்து விற்றார். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். மறு ஆண்டே அந்நாடு கடுஞ் சட்டம் இயற்றிற்று. அந்நஞ்சு அத்துடன் ஒழிந்ததோ எனின், இல்லை. வறிய நாடுகளை நோக்கிச் சென்றது. 2022-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் ஏறக்குறைய 70 குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். இந்தியாவிற் செய்யப்பட்ட இருமல் மருந்துகளில் இந்நஞ்சு காணப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2025-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து உண்ட குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர். அம்மருந்து நம் தமிழ் நாட்டிற் காய்ச்சப்பட்டது என்பதை எழுதுங்கால் எமது கை நடுங்குகின்றது. முன்னே புகழ்ந்த கழகத்தைக் கொண்ட அதே நாடுதான் இதுவும். மருத்துவமனைக்கு வரும் மருந்துக்கு ஒரு காவல் இருந்தது. தனி வாணிகத்தின் வழியே சென்ற மருந்துக்கு அக்காவல் உரிய காலத்தில் விழித்திருக்கவில்லை. ஒரு வாயிலை அடைத்து மறு வாயிலைத் திறந்து வைத்தல் காவலாகாது என்பது இதனால் விளங்கும்.

இனி, தானமாக வரும் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் ஆச்சே நாட்டை அழித்த பின்னர், உலகெங்குமிருந்து ஏறக்குறைய 4,000 டன் மருந்து ஆங்கு வந்து குவிந்தது. அவற்றுட் பெரும்பாலன அந்நாட்டு மருந்துப் பட்டியலில் இல்லாதன, பல, ஆங்குள்ளோர் படிக்கவியலாத மொழிகளிற் பெயர் பொறிக்கப்பட்டன, சில, காலாவதியானவை. நூற்றுக்கணக்கான டன் மருந்தை அழிப்பதே அத்துயருற்ற மக்களுக்கு மற்றொரு துயராயிற்று. தமக்கு வேண்டாததைப் பிறர்க்கு ஈதல் ஈகையாகாது. கேட்டறிந்து, வேண்டியதை, வேண்டுமளவு ஈதலே ஈகை.

3. காத்தல்

மருந்துகளுள் தடுப்பூசி மருந்து மிக மெல்லியது. 1796-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் கண்ட அம்மைப்பால் நம் நாட்டை அடைந்த வரலாறு இதனைக் காட்டும். கப்பலில் அனுப்பிய பால் வெப்பத்தாற் கெட்டது. பின்னர் ஒருவர் கையிற் குத்திய பால் கொப்புளமான பொழுது அதனின்றும் எடுத்து மற்றொருவர் கையிற் குத்தி, இவ்வாறு கைமாற்றிக் கைமாற்றிப் பாரசீகக் கடல் வழியே கொணர்ந்தனர். 1802-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையாகிய அன்னா டஸ்தால் என்பாள் இந்தியாவில் முதன்முதல் அம்மை குத்தப்பெற்றாள். மக்கள் உடலே அந்நாளிற் குளிர்ப்பெட்டியாயிற்று.

ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், லெஸ்லி கோலியர் என்னும் ஆங்கில அறிஞர் அம்மைப்பாலை உறையவைத்து உலர்த்தும் முறையைச் செம்மை செய்தார். அங்ஙனம் உலர்த்திய மருந்து 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் கெடாது நின்றது. இதன் பின்னர் இருமுனை ஊசி வந்தது; கவட்டின் நடுவே தங்கும் ஒரு துளி மருந்தே ஒருவர்க்குப் போதுமாயிற்று; முன் ஒருவர்க்குச் செலவான மருந்து நால்வர்க்கு உதவிற்று. எழுத்தறியாதாரும் சிறிது பொழுதில் இவ்வூசியைக் கையாளப் பழகினர். இவ்விரு சிறு கருவிகளின் துணையால் 1975-ம் ஆண்டில் இந்தியாவினின்றும், 1977-ம் ஆண்டில் சோமாலியாவினின்றும் பெரியம்மை ஒழிந்தது; 1980-ம் ஆண்டில் அந்நோய் உலகினின்றே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஜென்னர் கண்ட மருந்து ஏறக்குறைய 180 ஆண்டுகளாக உலகில் இருந்தது. அதனைக் கெடாது கொண்டுசேர்க்கும் வழி கண்ட பின்னரே நோய் ஒழிந்தது என்பதை மாணாக்கர் உற்று நோக்குக.

ஏனைய தடுப்பு மருந்துகளுக்கு அத்துணை வலிமை இல்லை. அவற்றுட் பெரும்பாலனவற்றைச் செய்யும் இடந்தொட்டுச் செலுத்தும் இடம்வரை 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மேற்படாமலும் வைத்தல் வேண்டும். இடையறாத இவ்வேற்பாட்டைக் குளிர்ச் சங்கிலி என்பர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாம். வாய்வழி ஊட்டும் இளம்பிள்ளைவாத மருந்து வெப்பத்திற்கு எளிதில் இரையாவது. அதனை அறிந்தோர், குளிரே எல்லாவற்றிற்கும் காப்பு என்று கருதி, மற்றொரு பிழை செய்வதுண்டு. தொண்டையடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிமருந்தும், மஞ்சட்காமாலை வகையொன்றைத் தடுக்கும் ஊசிமருந்தும் உறைந்தாற் கெட்டுப்போம். அவற்றிலுள்ள அலுமினிய உப்புத் துகள்கள் உறையுங்கால் கட்டிபட்டு, மீண்டும் நீரோடு ஒன்றாவதில்லை. பனிக்கட்டியை ஒட்டி வைத்த சீசா உறைந்து, பின்னர் உருகி, பார்வைக்கு முன்போலவே தோன்றும். அதன் பயனோ போயிருக்கும். ஐயமுற்றவர் அதனையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அத்தொகுதிச் சீசா ஒன்றையும் குலுக்கி, அருகருகே வைத்துப் பார்ப்பர். உறைந்ததன் வண்டல் விரைந்து அடியிற் படியும். இச்சிறு சோதனையை அறிந்த செவிலி ஒருத்தி நூறு குழந்தைகளைக் காப்பாள்.

வெப்பம் பட்டதை அறிதற்கு 1996-ம் ஆண்டு முதல் மற்றோர் அடையாளம் வந்துளது. சீசாவின்மேல் ஒரு வட்டமும், அதனுள் வெளிறிய சிறு சதுரமும் காணப்படும். வெப்பம் படப்படச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அம்மருந்தை எறிந்துவிட வேண்டும். மின்சாரம் நின்றதோ, வண்டி வெயிலில் நின்றதோ என்று யாரையும் கேட்க வேண்டுவதில்லை. சீசாவே சாட்சி கூறும்.

காவல் தவறிய இடத்து நேர்ந்ததொரு கொடுமையையும் கூறாதிருத்தல் முறையன்று. 2017-ம் ஆண்டு மே மாதத்தில் தென் சூடான் நாட்டின் ஒரு சிற்றூரில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. தூளாயுள்ள அம்மருந்தை நீரிற் கலக்க ஒவ்வொரு சீசாவிற்கும் புதிய ஊசிக்குழல் வேண்டும். கலந்த மருந்தைச் சில மணி நேரத்திற்குள் செலவிட்டு எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். அங்கோ, ஒரே ஊசிக்குழலை நான்கு நாளும் பயன்படுத்தினர். அந்நான்கு நாளும் மருந்து குளிரின்றிக் கிடந்தது. பயிற்சியில்லாத சிறுவரும் ஊசி குத்தினர் என்று பின்னர் வெளியான அரசாங்க அறிக்கை கூறிற்று. மருந்திற் கிருமி புகுந்து, 15 இளங் குழந்தைகள் இறந்தனர். மருந்து செய்தவரிடத்துப் பிழையில்லை, மருந்திலும் பிழையில்லை. உயிரைக் காக்க அனுப்பிய பொருளே உழைச்செல்வார் பயிற்சியின்மையால் உயிரைக் குடித்தது. அப்பயிற்சியை அளிக்காதவரும், அச்சிறுவர் கையில் ஊசியைக் கொடுத்தவரும் இப்பழியிற் பங்குடையர். இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேரின், இறந்தோரேயன்றி, அஞ்சித் தடுப்பூசியை மறுக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் துன்புறுவர். ஆதலின் மறைத்தலினும் உள்ளபடி உரைத்துத் திருத்துதலே மக்கள் நம்பிக்கையை மீட்கும் வழி.

4. உண்ணுதல்

தேர்ந்து, கொண்டு, காத்த மருந்து ஈற்றில் நோயாளியின் கையை அடைகின்றது. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தல் பிழை. இதனை உலகிற்கு முதன்முதல் தெளிவாகக் காட்டிய ஊர் நம் சென்னையே.

காசநோயாளிகளைக் காற்றோட்டமுள்ள ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்காகக் கிடத்தி, பாலும் முட்டையும் அளித்து, ஓய்வு கொடுத்துப் பேணுதலே முற்காலத்து முறை. இந்தியாவிலோ நோயாளிகள் இலட்சக்கணக்கினர். படுக்கைகளோ மிகச் சில. 1956-ம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் துணை நின்றன. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் அதனை வழிநடத்தினார். சென்னையின் நெருங்கிய ஏழைக் குடியிருப்புக்களில் வாழ்ந்த நோயாளிகளை அவர்கள் சீட்டுப்போடுவதுபோல் இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் ஆரோக்கிய நிலையத்திலும், மற்றொரு கூற்றார் தம் வீட்டிலுமாக ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர்.

1959-ம் ஆண்டில் வெளியான முடிவு உலகை வியப்பித்தது. குறைந்த உணவும், நெருங்கிய அறையும், ஓயாத உழைப்பும் உடைய வீட்டு நோயாளிகளும் ஆரோக்கிய நிலையத்தாரைப் போன்றே குணமடைந்தனர். வீட்டிலுள்ள ஏனையோர்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. குணமளித்தது பாலும் முட்டையும் அல்ல, மருந்தே என்பது தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சியின் பயனாக உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்கள் மெல்ல மூடப்பட்டன. ஏழை நாட்டின் ஏழை வீடுகளிற் கற்ற பாடத்தைச் செல்வ நாடுகள் ஏற்றுக்கொண்டன.

ஆயினும் அப்பாடத்திற்கு மறு பக்கமும் உண்டு. சில வாரங்களில் இருமல் தணியும், காய்ச்சல் நீங்கும், பசி உண்டாகும். அப்பொழுது நோயாளி, 'குணமாயிற்றே, இனி மருந்து எதற்கு?' என்பான். கிருமியோ முற்றும் அழிந்திராது. சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று கண்டனர்; பலர் ஒழுங்காக உண்ணவில்லை என்பதை அறிந்தனர். அதன்பின், கண்காணிப்பாளர் எதிரில் வாரம் இருமுறை மருந்து உண்ணும் முறையை வகுத்து, அதுவும் பயன் தருவதை 1964-ம் ஆண்டில் வெளியிட்டனர். பிற்காலத்தில் உலக முழுதும் பரவிய நேர்முகக் கண்காணிப்பு மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று இங்ஙனம் சென்னையில் ஊன்றியது. நோயாளி மருந்தை விழுங்கும்வரை அருகிருந்து பார்ப்பவரே உழைச்செல்வான் என்னும் பெயர்க்கு முற்றும் உரியவர் அல்லரோ?

மருந்தை அரைகுறையாக உண்பதன் தீமை நோயாளியோடு முடிவதில்லை. பெனிசிலினை 1928-ம் ஆண்டிற் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945-ம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய சொற்பொழிவில், கற்பனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டினார். தொண்டை நோவுற்ற கணவன் தானே பெனிசிலினை வாங்கி, கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் உண்கின்றான். சாகாத கிருமிகள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவை மனைவியைப் பற்றுகின்றன. இப்பொழுது அம்மருந்து பயன்படாமையால் அவள் இறக்கின்றாள். அம்மருந்தைக் கண்டவரே அதன் கேட்டையும் முன்னறிந்து கூறினார் என்பது சிந்திக்கத்தக்கது. சிறந்த மருந்துகள் பலவற்றையும் எதிர்க்கும் காசநோய்க் கிருமி இன்று நம் நாட்டில் உள்ளது. அதனாற் பற்றப்பட்டவர் பிழை யாதும் செய்யாதவராயிருக்கலாம். வேறொருவர் நிறுத்திய மருந்தின் பயனை அவர் துய்க்கின்றார்.

நம் விடுதிகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரு மாணவற்குத் தடுமனும் காய்ச்சலும் காண்கின்றன. அறைத்தோழன் சென்ற திங்களில் தான் உண்டு எஞ்சிய மாத்திரைகளைப் பெட்டியினின்றும் எடுத்துக் கொடுக்கின்றான். அன்பினாற் செய்வதே, எனினும் அதில் மூன்று பிழைகள் உள்ளன. எஞ்சியது எனவே, கொடுத்தவன் தான் உண்ணவேண்டிய அளவை உண்ணவில்லை. தடுமன் பெரும்பாலும் வைரஸ் என்னும் நுண்பொருளால் வருவது; கிருமிக்கொல்லி மருந்துகள் அதனை ஒன்றும் செய்யா. மூன்றாவதாக, இரண்டு மாத்திரை உண்டு நிறுத்துபவன் தன் உடலிலுள்ள வேறு கிருமிகளுக்கு எதிர்ப்புப் பயிற்சி அளிக்கின்றான். இந்திய அரசாங்கம் 2013-ம் ஆண்டில் இத்தகைய மருந்துகள் பலவற்றை உள்ளிட்ட 46 மருந்துகளைத் தனி அட்டவணையிற் சேர்த்து, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்றும், விற்றதைப் புத்தகத்திற் பதிந்து மூன்றாண்டு வைத்திருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. மருந்துறையின்மேல் இடப்படும் சிவப்புக் கோடு இதனை அறிவிக்கும் அடையாளம். சட்டம் கடைக்காரரைக் கட்டலாம், அறைத்தோழனைக் கட்டாது. அவனைக் கட்டுவது கல்வியொன்றே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மருந்தைக் காண்பது பேரறிஞர் சிலரால் ஆவது எனினும், அதனைப் பயன்படச் செய்வது எண்ணிறந்த எளியோரால் ஆவது என்பது பெறப்படும். இக்கல்லூரியிற் பயில்வோருள் மருத்துவராவோர் சிலரே. ஆசிரியராகவும், கணக்கராகவும், பண்டகசாலை அலுவலராகவும், சட்டம் செய்வாராகவும், எல்லாரினும் மேலாகத் தாய் தந்தையராகவும் ஆவோர் பலர். இவர் அனைவரும் நான்காம் உறுப்பினரே. ஆதலின் பின்வரும் சில நெறிகளை நம் மாணாக்கர் நினைவிற் கொள்ளல் நலம்.

முதலாவது, மருந்தின் பொதுப்பெயரைப் படித்தறிக. விலை மிகுதியே குணமிகுதி என்று மயங்கற்க. இரண்டாவது, வாங்குமுன் செய்த நாளையும், காலாவதி நாளையும், தொகுதி எண்ணையும் நோக்குக. சீட்டு இல்லாது சிவப்புக் கோட்டு மருந்தைக் கேளற்க. மூன்றாவது, மருந்துறையில் எழுதியுள்ள வெப்ப அளவைப் படித்து அவ்வாறே காக்க. சன்னலோரத்து வெயிலும் சமையலறைப் புகையும் மருந்திற்குப் பகை. நான்காவது, வைத்தியர் விதித்த நாள் முழுதும் உண்க. எஞ்சியதைத் தோழற்கு ஈயற்க. ஐந்தாவது, தடுப்பூசி போடும் நாளில், அட்டையையும் குழந்தையையும் கொணர்ந்த ஏழைத் தாய் வினவும் வினாவிற்குப் பொறுமையுடன் விடை பகர்க. அச்சம் அறியாமையின் மகவு. ஏளனத்தால் அது வளருமேயன்றித் தேயாது.

ஆச்சேயிற் குவிந்த மருந்து மலை ஒருபுறமும், பன்காவில் வைத்த உப்புநீர்ப் பீப்பாய் மறுபுறமும் நம் கண்முன் நிற்கின்றன. மலை வீணாயிற்று, பீப்பாய் உயிர் காத்தது. நாட்டின் செல்வம் பெருகுங்காறும் காத்திராது, இன்று கையிலுள்ள மருந்தையே அறிவோடும் நேர்மையோடும் ஆளக் கற்பதே நாம் செய்யத்தக்க கடன். அக்கடனைக் கடைப்பிடிப்போமாக.